அடைவு வழங்கியில் நிருவாக அணுகல்: மென்பொருள் மாற்றத்துக்குப் பின் வரும் சிக்கல்கள்

அடைவு வழங்கி என்பது ஒரு நிறுவனத்தின் பயனர்கள், குழுக்கள், கணினிகள் ஆகியவற்றின் விவரங்களை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, கேட்கும் கணினிகளுக்கு எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். பேச்சு வழக்கில் டைரக்டரி சர்வர் என்பார்கள். ஒரு கல்லூரியில் மாணவர் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் தம் ஒரே பெயராலும் ஒரே கடவுச்சொல்லாலும் உள்ளே நுழைய முடிகிறது என்றால், பின்னால் இப்படியொரு வழங்கி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது நன்றாக ஓடும்வரை யாருக்கும் அதன் நினைவே வராது. பழைய இயங்குதளத்திலிருந்து புதியதற்கு மாற்றும்போதுதான் வரும். மாற்றிய மறுநாள், பயனர்கள் எல்லாரும் உள்ளே நுழைகிறார்கள், நிருவாகியால் மட்டும் நுழைய முடியவில்லை என்பது அடிக்கடி நேர்வது. சில சமயம் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்.

இக்கட்டுரை அந்தச் சிக்கலைப் பற்றியது. பெரும்பாலும் ஓப்பன்எல்டாப் என்னும் கட்டற்ற மென்பொருளை வைத்தே விளக்குகிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பு முறையில் தந்திருக்கிறேன்.

முகவரியும் அடைவும்

அடைவில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு முழுப்பெயர் உண்டு. அது நம் ஊர் அஞ்சல் முகவரியைப் போலவே சிறியதிலிருந்து பெரியதற்குப் போகும். கண்ணன், வடக்கு உத்திர வீதி, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, தமிழ்நாடு என்று எழுதுகிறோம் அல்லவா? அடைவிலும் முதலில் ஆள், பிறகு அவர் இருக்கும் பிரிவு, அதன்பின் நிறுவனத்தின் இணையப் பெயர் என்று வரும். சிஎன்=கண்ணன், ஓயூ=ஆசிரியர்கள், டிசி=பள்ளி, டிசி=இன் என்பது போல. கடைசியில் வரும் டிசி பகுதிக்குப் பின்னொட்டு என்று பெயர். ஓர் அடைவில் உள்ள பதிவுகள் எல்லாம் அந்தப் பின்னொட்டின் கீழ் ஒரு மரத்தின் கிளைகளாகத் தொங்குகின்றன.

1994-ல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி உருவானபோது, அதுவரை தனி நகராட்சிகளாக இருந்த ஸ்ரீரங்கமும் பொன்மலையும் அதனுடன் இணைந்தன. வீதிகள் நகரவில்லை, வீடுகள் நகரவில்லை, அவற்றில் குடியிருந்தவர்களும் மாறவில்லை. ஆனால் வரி கட்டவும் சான்றிதழ் வாங்கவும் போக வேண்டிய அலுவலகமும், கையெழுத்திடும் அதிகாரியும் மாறினார்கள். அடைவு வழங்கியை மாற்றும்போது நடப்பதும் இதுதான். ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள், அதிகாரம் இருக்குமிடம் மாறிவிடுகிறது. பழைய அலுவலகத்து முத்திரையை வைத்துக்கொண்டு புதிய அலுவலகத்தில் நின்றால் வேலை ஆகாது.

தோற்றம்

தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கான உலக அமைப்பு 1988-ல் எக்ஸ்.500 என்ற அடைவுத் தரத்தை வெளியிட்டது. அது சாதாரணக் கணினிகளுக்குத் தாங்க முடியாத பாரமாக இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸும் அவருடன் பணியாற்றியோரும் அதை எளிமையாக்கி உருவாக்கியதே எல்டாப் நெறிமுறை. அதன் முதல் வரையறை 1993-ல் வந்தது, இன்று புழங்கும் மூன்றாம் பதிப்பு 1997-ல் வந்தது. மிச்சிகன் நிரலைத் தொடக்கமாகக் கொண்டு 1998-ல் ஓப்பன்எல்டாப் திட்டம் தொடங்கியது. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் அடைவு வழங்கி வேறொரு கிளை, அதைப் பின்னால் பார்ப்போம்.

சாவி எங்கே இருக்கிறது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்: அடைவின் தலைமை நிருவாகி, அடைவுக்குள் இருக்கும் ஆள் அல்ல.

பயனர்கள் எல்லாரும் மரத்தில் இருக்கிறார்கள். தலைமை நிருவாகியின் பெயரும் கடவுச்சொல்லும் வழங்கியின் அமைவுகளில் இருக்கின்றன. ஓப்பன்எல்டாப்பில் இவற்றுக்கு ரூட்டிஎன், ரூட்பிடபிள்யூ என்று பெயர். நிருவாகியின் முழுப்பெயரைப் பார்த்தால் அதன் கடைசியில் அதே பின்னொட்டு இருக்கும். அதனால் அவரும் மரத்தில் ஒரு பதிவாக இருப்பார் என்று தோன்றும். அப்படி ஒரு பதிவு இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

இடமாற்றத்தின்போது வழக்கமாகச் செய்வது என்ன? பழைய கணினியில் ஸ்லாப்கேட் என்ற கட்டளையைக் கொடுத்து எல்லாப் பதிவுகளையும் ஓர் எல்டிஃப் கோப்பாக எடுக்கிறோம். எல்டிஃப் என்பது சாதாரண உரைக்கோப்புதான். அதைப் புதிய கணினிக்குக் கொண்டுபோய் ஸ்லாப்ஆட் கட்டளையால் ஏற்றுகிறோம். ஆட்கள் வந்துவிடுகிறார்கள். ஆனால் ஸ்லாப்கேட் கட்டளையை வெறுமனே கொடுத்தால் அது தரவை மட்டுமே தரும். அமைவுகளையும் எடுக்க வேண்டுமானால் சுழியம் என்ற எண்ணைச் சேர்த்துத் தனியாக இன்னொரு முறை கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் நிருவாகியின் கடவுச்சொல், யார் எதைப் பார்க்கலாம் என்னும் அணுகல் விதிகள், கூடுதல் வரையறைகள் எல்லாம் பழைய கணினியிலேயே தங்கிவிடும். வீட்டுச் சாமான்களை எல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு, சாவிக்கொத்தைப் பழைய வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டு வருவது போல.

ஒரு பள்ளியில் நடந்தது

ஓய்வுபெற்ற பிறகு, ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியின் கணினி அறைக்கு வாரம் இரண்டு நாள் போய் உதவி வந்தேன். நான் கணித ஆசிரியன். கணினி நானாகக் கற்றுக்கொண்டது. அங்கே டெபியன் 11-ல் ஓடிக்கொண்டிருந்த அடைவு வழங்கியை, ஒரு விடுமுறையில், வெளியிலிருந்து வந்த ஓர் இளைஞர் டெபியன் 12 நிறுவிய புதிய கணினிக்கு மாற்றிக் கொடுத்தார். பிள்ளைகள் உள்ளே நுழைந்தார்கள், வேலை முடிந்தது என்று அவரும் போய்விட்டார்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கியது. மாணவி ஒருத்தி கடவுச்சொல்லை மறந்துவிட்டாள். மாற்றிக் கொடுக்கலாம் என்று கணினி ஆசிரியை தம் கணக்கில் நுழைந்து முயன்றார், அனுமதி இல்லை என்றது. தலைமை நிருவாகியாக நுழைவோம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த கடவுச்சொல்லைக் கொடுத்தார். தவறு என்றது. மூன்று பேர் மாறி மாறித் தட்டிப் பார்த்தார்கள். அந்த இளைஞரின் கைபேசி அணைந்திருந்தது.

“சார், எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து போட்டுடலாமா? பசங்க பேரை நான் உட்கார்ந்து அடிச்சிடறேன்” என்றார் அந்த ஆசிரியை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“அவசரப்படாதீங்கம்மா. பிள்ளைங்க உள்ளே நுழையறாங்க இல்ல? அப்போ தரவு பத்திரமாத்தான் இருக்கு” என்றேன். அன்று அழித்திருந்தால் பெயர்களோடு போயிருக்காது. ஒவ்வொரு மாணவரின் கோப்புகளும் அவருக்குரிய பயனர் எண்ணோடு பிணைந்திருக்கின்றன. புதிதாகக் கணக்குகளைத் தொடங்கும்போது எண்கள் மாறிப்போனால், ஒருவர் செய்து வைத்த செய்முறைப் பதிவேடு இன்னொருவர் பெயரில் போய் நிற்கும்.

நடந்தது மிக எளிமையான விஷயம். டெபியனில் ஸ்லாப்டி மென்பொருளை நிறுவும்போது நிருவாகிக்கு ஒரு கடவுச்சொல் கேட்கும். இளைஞர் அந்த இடத்தில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு, பிறகு தரவை மட்டும் ஏற்றியிருக்கிறார். நோட்டுப் புத்தகத்தில் இருந்தது பழைய வீட்டின் சாவி. ஆசிரியைக்கு மாணவர்களின் கடவுச்சொல்லை மாற்றும் உரிமையைத் தந்திருந்த அணுகல் விதியும் பழைய அமைவிலேயே இருந்துவிட்டது. இரண்டு கோளாறு என்று நினைத்தோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

பிழை எண்களைப் படித்தல்

வழங்கி மறுக்கும்போது வெறுமனே மறுப்பதில்லை, ஓர் எண்ணையும் சொல்கிறது. அதைக் குறித்துக்கொள்ளாமல் கடவுச்சொல்லையே திரும்பத் திரும்பத் தட்டுவதுதான் பலர் செய்யும் தவறு.

49 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அப்படி ஓர் ஆளே அடைவில் இல்லை என்றாலும் வழங்கி 49 என்றே சொல்லும். யார் இருக்கிறார், யார் இல்லை என்பதை அந்நியர்கள் துழாவி அறிந்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே 49 வந்தால் கடவுச்சொல்லை மட்டும் சந்தேகிக்காமல் முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இடமாற்றத்தில் பின்னொட்டு மாறியிருந்தால் நிருவாகியின் பெயரும் மாறியிருக்கும். டெபியனில், கணினிக்கு இணையப் பெயர் எதுவும் கொடுக்காமல் நிறுவினால், ‘நோடொமைன்’ என்பதையே பின்னொட்டாக அது வைத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்காமல் அரை நாள் போனவர்கள் உண்டு.

50 என்றால் உங்களை யார் என்று தெரிகிறது, ஆனால் இந்தக் காரியத்தைச் செய்ய உங்களுக்கு உரிமை இல்லை. கடவுச்சொல் சரி, கோளாறு அணுகல் விதியில். 32 என்றால் நீங்கள் தேடும் கிளையே இல்லை. தேடும் இடத்தில் பழைய பின்னொட்டு எழுதப்பட்டிருக்கலாம், அல்லது தரவு இன்னும் ஏற்றப்படவில்லை. 53 என்றால் வழங்கி மறுக்கிறது. பெயரைக் கொடுத்துக் கடவுச்சொல்லைக் காலியாக விட்டால் பெரும்பாலும் இது வரும். 13 என்றால் மறையாக்கம் இல்லாத இணைப்பில் பேச மாட்டேன் என்கிறது.

வழங்கியையே தொடர்புகொள்ள முடியவில்லை என்ற செய்தி வந்தால் அது வேறு வகை. கடவுச்சொல் வரைக்கும் பேச்சே போகவில்லை. வழங்கி ஓடுகிறதா, சரியான கணினியைத்தான் கேட்கிறோமா, 389 அல்லது 636-ஆம் துறை திறந்திருக்கிறதா, சான்றிதழ் சரியா என்று பார்க்க வேண்டும்.

இவற்றைச் சோதிக்க இணைய உலாவிக் கருவிகளை நம்ப வேண்டாம். பிஎச்பி-எல்டாப்அட்மின் போன்றவற்றின் பழைய பதிப்புகள் புதிய பிஎச்பியில் ஓடுவதில்லை. ஓடினாலும், புதிதாக நிறுவிய கருவியின் நுழைவுப் பக்கத்தில் எடுத்துக்காட்டுக்காக வைத்த ‘எக்ஸாம்பிள்.காம்’ என்னும் பின்னொட்டே நிரம்பியிருக்கும். கருவியின் கோளாறு எது, வழங்கியின் கோளாறு எது என்று பிரித்தறிய, கட்டளை வரியில் எல்டாப்-ஹூஆம்ஐ என்ற கட்டளையைக் கொடுங்கள். ரமணர் கேட்ட ‘நான் யார்?’ என்னும் கேள்வியேதான். வழங்கி உங்களை யாராகக் கருதுகிறதோ அந்த முழுப்பெயரைத் திருப்பிச் சொல்லும். பெயரில்லாதவர் என்று வந்தால் நீங்கள் நுழையவே இல்லை.

உள்ளிருந்து திறக்கும் கதவு

கடவுச்சொல் தெரியாவிட்டாலும், அந்தக் கணினியின் மூலப் பயனராக, அதாவது ரூட்டாக, நுழைய முடிந்தால் அடைவைத் திறந்துவிடலாம். டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் நிறுவும்போதே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான்.

அந்த வழி இது. வலைப்பின்னல் மூலம் போகாமல், எல்டாப்ஐ எனப்படும் உள்ளூர் இணைப்பு வழியாக, எக்ஸ்டர்னல் என்ற முறையில் வழங்கியிடம் பேச வேண்டும். அப்போது வழங்கி கடவுச்சொல் கேட்காது. யார் பேசுகிறார் என்று இயங்குதளத்திடமே கேட்டுக்கொள்ளும். ரூட் என்று தெரிந்தால் அமைவுப் பகுதியை மாற்ற முழு அனுமதி தரும். வீட்டுக்கு உள்ளே நிற்பவரிடம் யாரும் வாசல் சாவியைக் கேட்பதில்லை.

முதலில் ஸ்லாப்கேட் கொண்டு தரவு, அமைவு இரண்டையும் தனித்தனிக் கோப்பாக எடுத்து, வேறு கணினியில் பத்திரப்படுத்துங்கள். எதையும் தொடுமுன் இது ஆக வேண்டும். பிறகு ஸ்லாப்பாஸ்வர்ட் கட்டளையில் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தால், அதைக் கலைத்துச் சுருக்கிய ஒரு நீளமான எழுத்துச் சரம் கிடைக்கும். அமைவுப் பகுதியில் தரவுத்தளத்துக்குரிய பதிவில் ஓஎல்சி-ரூட்பிடபிள்யூ என்ற பண்பின் இடத்தில் அந்தச் சரத்தை வைக்கும்படி, எல்டாப்-மாடிஃபை கட்டளையால் மாற்ற வேண்டும். வழங்கியை நிறுத்தித் தொடங்கத் தேவையில்லை, அப்போதே நடைமுறைக்கு வரும். பள்ளியில் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதே வழியில் ஆசிரியைக்கான அணுகல் விதியையும் சேர்த்தோம்.

அமைவுப் பகுதி என்று சொன்னேன். இதில்தான் பழகியவர்களும் வழுக்கி விழுகிறார்கள். முன்பு ஓப்பன்எல்டாப்பின் அமைவுகள் எல்லாம் ஸ்லாப்டி.கான்ஃப் என்ற ஒரே உரைக்கோப்பில் இருந்தன. 2.3 பதிப்பிலிருந்து அமைவுகளையும் ஓர் அடைவாகவே வைக்கும் முறை வந்தது. அது ஸ்லாப்டி.டி என்ற கோப்புறையில் இருக்கிறது. இரண்டும் இருந்தால், வேறு கட்டளை இல்லாதவரை, வழங்கி கோப்புறையைத்தான் படிக்கும். பழைய பழக்கத்தில் உரைக்கோப்பைத் திருத்திவிட்டு, வழங்கியை மீண்டும் தொடங்கிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று திகைப்பவர்கள் யாரும் படிக்காத கடிதத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, கோப்புறையில் உள்ள கோப்புகளையே திருத்தலாமே என்றால் அதுவும் கூடாது. ஒவ்வொன்றின் தலையிலும் திருத்தாதே என்று எழுதி, சரிபார்ப்பு எண் ஒன்றும் வைத்திருப்பார்கள். கையால் தொட்டால் எண் பொருந்தாமல் போகும்.

பழைய உரைக்கோப்பைப் புதிய முறைக்கு மாற்ற ஸ்லாப்டெஸ்ட் என்ற கருவி உண்டு. உரைக்கோப்பில் அமைவுப் பகுதிக்கென்று தனியாக ஒரு கடவுச்சொல் எழுதாமல் மாற்றினால், மாற்றிய பிறகு அமைவுப் பகுதிக்குள் யாருமே நுழைய முடியாது, மேலே சொன்ன உள்ளூர் வழி உட்பட. அப்போது வழங்கியை நிறுத்திவிட்டு, ஸ்லாப்கேட் கட்டளையால் அமைவை உரையாக எடுத்து, அந்த உரையில் கடவுச்சொல்லைச் சேர்த்து, பழைய கோப்புறையை வேறு பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டு, புதிய வெற்றுக் கோப்புறையில் ஸ்லாப்ஆட் கொண்டு ஏற்ற வேண்டும். சுற்று வழிதான், ஆனால் தவறாது.

ஸ்லாப்ஆட் கட்டளையை ரூட்டாக இருந்து கொடுப்பதால், உருவாகும் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். வழங்கி ஓடுவதோ டெபியனில் ஓப்பன்எல்டாப் என்ற பயனராக, ரெட் ஹாட்டில் எல்டாப் என்ற பயனராக. தன் கோப்புகளையே திறக்க முடியாமல் அது தொடங்க மறுக்கும். உரிமையை அந்தப் பயனருக்கு மாற்றிக் கொடுத்தால் சரியாகும். உபுண்டுவில் தரவை வழக்கமான இடத்தில் இல்லாமல் வேறு வட்டில் வைத்திருந்தால், உரிமை எல்லாம் சரியாக இருந்தும் மறுக்கலாம். அங்கே ஆப்ஆர்மர் என்னும் காவல் அமைப்பு ஸ்லாப்டி எந்தக் கோப்புறைகளைத் தொடலாம் என்று வரையறுத்திருக்கிறது. அதில் புதிய இடத்தையும் சேர்க்க வேண்டும்.

2.4-லிருந்து 2.5-க்கு

டெபியன் 11-ல் ஓப்பன்எல்டாப் 2.4 இருந்தது. 2023-ல் வந்த டெபியன் 12-ல் 2.5. 2.4 பதிப்பு முதலில் வெளியானது 2007-ல். 2.5 வந்தது 2021-ல். இத்தனை ஆண்டு மாறாமல் இருந்ததால், பலர் பத்தாண்டுகளுக்கு முன் அமைத்ததை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

2.5-ல் பிடிபி, ஹெச்டிபி என்னும் பழைய தரவுத்தள வகைகள் நீக்கப்பட்டுவிட்டன, எம்டிபி வகை அவற்றின் இடத்தைப் பிடித்தது. பழைய அமைவில் ஹெச்டிபி என்று எழுதியிருந்தால் புதிய வழங்கிக்கு அந்தப் பெயரே தெரியாது, தொடங்காது. பழைய தரவுக் கோப்புகளை அப்படியே நகலெடுத்து வைத்தாலும் பயனில்லை, உரைக்கோப்பாக எடுத்துத்தான் ஏற்ற முடியும். உரையாக எடுக்க வேண்டிய இடமோ பழைய கணினி. அதை அழித்துவிட்டிருந்தால், தரவுக் கோப்புகளின் நகலாவது இருக்க வேண்டும். இருந்தால், உதிரிக் கணினி ஒன்றில் பழைய டெபியனை நிறுவி, அங்கே கோப்புகளைத் திறந்து உரையாக எடுக்கலாம். நகலும் இல்லையென்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. புதிய வழங்கி ஒரு மாதமாவது ஓடும்வரை பழைய வட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

கடவுச்சொல் கொள்கைக்கான வரையறை முன்பு தனிக் கோப்பாக ஏற்றப்பட்டது. 2.5-ல் அது மென்பொருளுக்குள்ளேயே வந்துவிட்டது. பழைய அமைவோடு அந்தத் தனிக் கோப்பும் வந்தால், ஒரே பண்பு இரண்டு முறை வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று வழங்கி நின்றுவிடும். அமைவின் உரை நகலிலிருந்து அந்தப் பகுதியை நீக்கிவிட்டு ஏற்ற வேண்டும்.

ரெட் ஹாட் வழி

நெட்ஸ்கேப் நிறுவனத்தின் அடைவு வழங்கியை ஏஓஎல் நிறுவனத்திடமிருந்து ரெட் ஹாட் 2004-ல் வாங்கி, மறு ஆண்டு கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டது. முதலில் ஃபெடோரா டைரக்டரி சர்வர் என்றிருந்த அதன் பெயர் 2009-ல் 389 டைரக்டரி சர்வர் ஆயிற்று. எல்டாப்பின் துறை எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள். 2019-ல் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 8-ல் ஓப்பன்எல்டாப் வழங்கி கைவிடப்பட்டதால், பலர் இதற்கு மாற வேண்டியதாயிற்று.

இதிலும் பழையவர்கள் தடுமாறுவது நிருவாக வாசலில்தான். முன்பு ஜாவாவில் எழுதிய ஒரு மேலாண்மைத் திரை இருந்தது. 9830-ஆம் துறையில் ஓடும் தனி நிருவாக வழங்கியோடு அது பேசும், அட்மின் என்ற பெயரில் நுழைவார்கள். 1.4 பதிப்பிலிருந்து அந்தத் திரையும் இல்லை, அந்த வழங்கியும் இல்லை, அட்மின் பதிவு இருந்த நெட்ஸ்கேப்ரூட் என்ற தனி மரமும் இல்லை. பெயர் மாறாமல் இருப்பது சிஎன்=டைரக்டரி மேனேஜர் ஒருவர்தான். அவர் பெயரில் டிஎஸ்கான்ஃப் என்ற கட்டளை வழியாகவோ, உலாவியில் 9090-ஆம் துறையில் திறக்கும் காக்பிட் வழியாகவோ வேலை செய்ய வேண்டும்.

டைரக்டரி மேனேஜரும் மரத்தில் இருப்பவர் அல்லர். அவர் கடவுச்சொல் டிஎஸ்இ.எல்டிஃப் என்ற அமைவுக் கோப்பில் இருக்கிறது. மறந்துவிட்டால், பிடபிள்யூடிஹாஷ் என்ற கருவியால் புதிய சரத்தை உருவாக்கி, கோப்பில் பழையது இருந்த இடத்தில் எழுதலாம். ஆனால் முதலில் வழங்கியை நிறுத்திவிட்டுத்தான் எழுத வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வழங்கி, நிற்கும்போது தன் நினைவில் இருப்பதைக் கோப்பில் எழுதிவிட்டு நிற்கும். நீங்கள் எழுதியது அதன் அடியில் போய்விடும்.

திறந்து கிடக்கும் கதவு

நிருவாகி வெளியே நிற்பது தொல்லைதான், ஆனால் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கும் ஆபத்து வேறு. ஓப்பன்எல்டாப்பில் அணுகல் விதி ஒன்றுமே எழுதாவிட்டால், எல்லாரும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்பதே அதன் இயல்பு. டெபியன் நிறுவும்போது கடவுச்சொற்களை மறைக்கும் விதியைத் தானே சேர்த்துவிடுகிறது. கையால் புதிதாக அமைவை எழுதித் தரவை மட்டும் ஏற்றியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எல்லாம் அழகாக ஓடும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் வலைப்பின்னலில் இருக்கும் எந்தக் கணினியிலிருந்தும், பெயர்கூடச் சொல்லாமல், எல்லா மாணவர்களின் கடவுச்சொல் சரங்களையும் ஒருவர் இறக்கிக்கொள்ளலாம். எளிய கடவுச்சொற்களை அச்சரங்களிலிருந்து கண்டுபிடிக்கக் கருவிகள் உள்ளன.

சோதிப்பது எளிது. கடவுச்சொல் எதுவும் கொடுக்காமல், பெயரில்லாதவராக, வேறொரு கணினியிலிருந்து எல்டாப்-சர்ச் செய்து பாருங்கள். யூசர்-பாஸ்வர்ட் என்ற பண்பு வந்தால் அன்றைக்கே விதி எழுத வேண்டும். விதிகளில் வரிசை முக்கியம். மேலிருந்து பார்த்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொண்டு வழங்கி நின்றுவிடும். ஆகவே கடவுச்சொல்லுக்கான குறுகிய விதி மேலேயும், எல்லாவற்றுக்குமான பொது விதி கீழேயும் இருக்க வேண்டும்.

சான்றிதழ்

புதிய கணினிக்குப் புதிய பெயர் வைத்துவிட்டு, பழைய சான்றிதழை நகலெடுத்து வைத்தால், சான்றிதழில் உள்ள பெயரும் கணினியின் பெயரும் பொருந்தாது. பயனர் பக்கக் கணினி பேச மறுக்கும், செய்தியோ தொடர்புகொள்ள முடியவில்லை என்று பொதுவாக வரும். சான்றிதழின் தனிச்சாவிக் கோப்பை வழங்கியின் பயனரால் படிக்க முடியாவிட்டாலும் தொல்லைதான். சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவிட்டால் ஓடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது கோளாறு எங்கே என்று அறிய ஒரு நிமிடத்துக்கு வேண்டுமானால் உதவும், அப்படியே விட்டுவிடக் கூடாது.

தமிழில் உள்ள பெயர்கள்

எல்டாப் மூன்றாம் பதிப்பு ஒருங்குறியை ஏற்பதால், பெயர்களைத் தமிழிலேயே பதிந்து வைக்கலாம். எங்கள் பள்ளியில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் எல்டிஃப் கோப்பைத் திறந்து பார்த்த ஆசிரியை, தமிழ்ப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிட்டன என்று பதறிப்போனார். குப்பை அல்ல. ஆங்கில எழுத்துக்கு அப்பாற்பட்டவற்றை எல்டிஃப் கோப்பில் பேஸ்64 என்ற முறையில் மாற்றி எழுதுவார்கள். அந்த வரியில் பண்பின் பெயருக்குப் பின் ஒரு முக்காற்புள்ளிக்குப் பதில் இரண்டு இருக்கும், அதுதான் அடையாளம். ஏற்றும்போது தானாகவே தமிழாகிவிடும். பலர் இதைப் பார்த்துத் தரவு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, நல்ல நகலைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. லினக்ஸ் கணக்குக்கான கீகாஸ் என்ற பண்பு ஆங்கில எழுத்தை மட்டுமே ஏற்கும். அதில் தமிழை எழுதினால் 21-ஆம் எண் பிழை வரும்.

பயனர் பக்கக் கணினிகள்

வழங்கியைச் சரிசெய்த பிறகும் மாணவர் கணினிகளில் பழைய நிலையே தெரியலாம். எஸ்எஸ்எஸ்டி என்னும் மென்பொருள் அங்கே விவரங்களை ஒரு நகலாக வைத்துக்கொள்கிறது. கடவுச்சொற்களையும் வைத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால், வழங்கியோடு தொடர்பே இல்லாத நிலையிலும் முன்பு நுழைந்தவர் நுழைந்துவிடுவார். வழங்கி நன்றாக இருக்கிறது என்று நம்பி ஏமாற இது ஒரு வழி. ஆகவே ஏற்கெனவே நுழைந்த மாணவரை வைத்துச் சோதிக்காதீர்கள். அடைவில் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கி, அந்தப் பெயரில் நுழைந்து பாருங்கள். எஸ்எஸ்எஸ்-கேஷ் கட்டளையால் நகலைக் காலாவதியாக்கிவிட்டு இன்னொரு முறையும் பாருங்கள். பள்ளியில் அன்று மாலை நாங்கள் தொடங்கிய சோதனைக் கணக்கின் பெயர் காவிரி. அதை நீக்க யாருக்கும் நினைவு வரவில்லை, இன்னும் அங்கேதான் இருக்கிறது.